தூக்கத்துக்கு மார்க்

ஜூன் 2, திங்கள்

படுத்தது 9.40. எழுந்தது 5.10. நடுவில் விழித்தது ஐந்து தடவை. தொண்டை வலி.

டாக்டரம்மா நீரஜா எழுதச் சொன்னது இவ்வளவுதான். மிச்சப் பக்கத்தை வெறுமனே விடுவானேன் என்று நானே எழுதுகிறேன். 

மந்தைவெளி குழந்தைகள் காப்பகத்தில் இருபத்தாறு வருஷம் ஆயா வேலை பார்த்தவள் நான். மதியம் பாய் விரித்து முப்பது பிள்ளைகளைத் தூங்க வைப்பேன். எது எத்தனை மணிக்குத் தூங்கினது, எத்தனை மணிக்கு எழுந்தது, நடுவில் அழுததா, பாயை நனைத்ததா, எல்லாம் நோட்டில் எழுதி சாயங்காலம் அதன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் தூக்கத்தை எல்லாம் எழுதின கை. இப்போது ஐம்பத்தொன்பது வயசில் என் தூக்கத்தை எழுதச் சொல்கிறார்கள். சரி. எழுதத் தெரியும்.

ஆபரேஷன் ஆகி இன்றோடு பதினோரு நாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதியாம். லேபில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு தடவை நின்றதாம். முதலில் மூக்கில் மாட்டுகிற மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். முகமூடி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய். கோயில் யானை மாதிரி நான் படுத்திருப்பேனா? கத்தி வையுங்கள் என்றேன். உள்நாக்கை எடுத்து, அண்ணத்தை இழுத்துத் தைத்திருக்கிறார்கள்.

ஜூன் 3

படுத்தது 9.30. எழுந்தது 4.50. விழித்தது ஆறு.

டாக்டர் கொடுத்த தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘குறட்டை (கூடப் படுப்பவர் எழுதவும்).’ கூடப் படுப்பவர் பன்னிரண்டு வருஷமாக மொட்டைமாடியில் படுக்கிறார். என் குறட்டைக்குப் பயந்துதான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் காற்றுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேட்டேன், “யோவ், இதுல இன்னா எழுத?”

“மேல வரைக்கும் சத்தம் வர்லமே. நல்லா கீதுன்னு எழுது.”

நல்லா கீது என்று எழுத முடியுமா? ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஜூன் 5, வியாழன்

நேற்று சாயங்காலம் செம்பியன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்து கட்டிவிட்டான். என் மகன் எதையும் கையோடு செய்கிறவன். “இத கட்டிக்கினு படும்மா. காலைல உன் தூக்கத்துக்கு மார்க் போடும். நூத்துக்கு இவ்ளோன்னு.”

காலையில் பார்த்தேன். 54.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சையில் எனக்குக் கணக்கில் 96. வகுப்பில் முதல். அதற்கப்புறம் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆக, நான் எழுதின கடைசிப் பரீட்சையில் 96. அதற்குப் பிறகு யாரும் எனக்கு மார்க் போட்டதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு ரப்பர் பட்டை வந்து 54 போடுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

58. விழித்தது நான்கு.

வேளச்சேரியிலிருந்து செம்பியன், மருமகள் ஹம்சா, குழந்தை எல்லாரும் வந்தார்கள். தமிழ்நிலாவுக்கு ஒரு வயசும் நாலு மாசமும். நிலா என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். நான் மோர் குடிக்கும்போது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்துவிட்டது. தையல் ஆறும்வரை அப்படித்தானாம். நிலா கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு வாய் குடித்தேன். வரவில்லை. வேண்டும் என்கிறபோது வராது.

நிலாவின் புருவத்துக்கு மேல் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. இரண்டு தையல் போட்ட இடம்.

அதை எழுதிவிடுகிறேன். பங்குனி மாசம் வரைக்கும் ஹம்சா தினமும் காலை ரயிலில் வந்து குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, லஸ்ஸில் அவள் வேலை பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸுக்கு நடந்து போவாள். ஒரு நாள் மதியம் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் மடியிலிருந்து எகிறிக் குதித்துவிட்டது. குழந்தை என்றால் எகிறும். அதுதான் நடந்தது.

ஹம்சா அன்றைக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வேளச்சேரியில் ஒரு காப்பகத்தில் விடுகிறாள். அதற்கப்புறம்தான் செம்பியன் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

இன்று நானே கேட்டேன். “எப்பம்மா கொழந்தைய இங்க வுடப் போற?”

“இருபத்தி மூணாந்தேதி டாக்டர் பார்த்துட்டு சரின்னு சொல்லட்டும் அத்தை. அந்த கிரஷ்ல மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம், ஒரு வருஷத்துக்குச் சேர்க்கறோமா இல்லையான்னு.” கூடவே, “அங்க ஆயா ரொம்ப நல்லவங்க” என்றாள்.

இருக்கட்டும். நல்லவளாகவே இருக்கட்டும். இருபத்தாறு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு பிள்ளை விழுந்தது கிடையாது. அவளைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு எத்தனை வருஷம் என்று.

ஜூன் 9

61. பாஸ்தான். ஆனால் பாஸ் போதாது. எண்பதாவது வேண்டும்.

ஜூன் 11, புதன்

இந்தக் கடிகாரம் ஏமாளி. விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அசையாமல் கையை நெஞ்சில் வைத்து ஆறு மணிவரை படுத்திருந்தேன். அதையும் தூக்கம் என்று சேர்த்து 71 போட்டிருக்கிறது.

இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துப் பயந்துபோனார். “இன்னாமே, மூச்சு வுடாம கீற? செத்துகித்துப் போய்ட்டியா?”

“சும்மா இருய்யா. பரீட்சை.”

ஜூன் 12

இரண்டு மணி நேரம் ஆடாமல் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. 49.

ஜூன் 14, சனி

பகலில் தூக்கம் என்று ஒரு கட்டம். ‘இல்லை’ என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டு, ‘கண்ணை மூடி யோசித்தது 20 நிமிஷம்’ என்று எழுதினேன்.

தூங்கப் பிறந்தவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர்தான். பேர் துரைராஜ். ராஜா மாதிரியே தூங்குவார். கல்யாண வீட்டில் சாப்பிட்ட கையோடு தூங்குவார். டிவியில் சண்டை நடக்கும்போது தூங்குவார். முடி வெட்டுகிற கடையில் தூங்கி ஒரு பக்கம் மீசை போனது. இன்று ஆட்டோவை அடையாறு சிக்னலில் நிறுத்தினவர், பச்சை விழுந்தும் எடுக்கவில்லையாம். போலீஸ்காரர் வந்து தோளில் தட்டினாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். “கனகராஜ் கூட சொன்னான், உனுக்கு இன்னாபா, மனசுல கவலயே இல்ல, கொடுத்து வெச்சவன்னு.”

கனகராஜ் அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் சொன்னது மனசில் நின்றது. கொடுத்து வைத்தவர். ஒரு தூக்கம் இருக்கிறது, அதற்கு மார்க் போட ஆள் இல்லை. இங்கே மார்க் போட ஆள் இருக்கிறது, தூக்கம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

63.

ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை எழுதக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். என் நோட்டுதானே.

நேற்று சாயங்காலம் நெத்திலிக் குழம்பு வைத்தேன். என் தொண்டையால் மூன்றரை வாரமாக இந்த வீட்டில் காரமே கிடையாது. பாவம் மனுஷன், பத்தியக் கஞ்சியை அவரும் சேர்ந்து குடித்தார். நெத்திலியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது தட்டு போடும்போது சொன்னேன், “மூணே நாள். இந்த வாட்ச்ச நீ கட்டிக்கினு படு.”

“நானா? எதுக்கு?”

“நீ நல்லா தூங்கறல்ல? அந்த மார்க் எனக்கு வோணும்.”

“காப்பி அடிக்கிறியா மே?” என்று கேட்டு இருமும்வரை சிரித்தார். வகுப்பில் முதல் வந்தவளைப் பார்த்து ஒரு மூன்றாம் வகுப்பு பெயிலு சிரிக்கிறது.

கட்டிக்கொண்டு போனார்.

காலையில் பார்த்தேன். 38.

அவர் பட்டையைத் தளர்த்திக் கட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 18

இறுக்கிக் கட்டினேன். குளிக்க வைத்து, புதுப் பாய் கொடுத்து, கொசுவர்த்தி ஏற்றி அனுப்பினேன். 35.

ஜூன் 19, வியாழன்

41. கடிகாரத்துக்கும் என்மேல் ஏதோ இருக்கிறது. கழற்றி என் கையிலேயே கட்டிக்கொண்டேன். இனி 63-ஏ போதும். அந்த மூன்று நாளை யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பார்த்துவிட்டார்கள்.

கடிகாரத்தில் இருப்பது கடிகாரத்தோடு போகும் என்று நினைத்திருந்தேன். அது தினமும் செம்பியன் போனுக்குப் போகிறதாம். அவன் அதை டாக்டருக்கு அனுப்பியிருக்கிறான். மதியம் அவனே போன் செய்தான். குரலே மாறியிருந்தது.

“அம்மா, மூணு நாளா ஆக்சிஜன் எழுபத்தொம்போதுக்கு எறங்கிருக்கு. மூச்சு கீச்சு அடைக்குதா? நெஞ்சு வலிக்குதா? ஏம்மா சொல்லல?”

“எனக்கு ஒண்ணும் இல்லடா.”

“நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ!”

திங்கட்கிழமை பெரிய டெஸ்ட் பற்றிப் பேசணுமாம். தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷனாம். பின்னால் ஹம்சா பேசுவது கேட்டது. “அப்போ கிரஷ்ல சேர்த்துடலாங்க. அத்தைக்கு முடியாதப்ப எப்படி?”

எனக்கு முடியும். என் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. காலையில் இரண்டு இட்லி முழுசாக இறங்கியது. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் அதையும் சொல்ல வேண்டும்.

நான் இன்னா பண்ணிட்டேன். ஒரு கொலையா பண்ணிட்டேன்? மார்க்குக்குத்தானே... அதுவும் வர்ல.

ஜூன் 22, ஞாயிறு

படுத்தது 9.15. தூங்கவில்லை. இதற்குக் கடிகாரம் 44 போட்டது. முதல் தடவையாகச் சரியாகப் போட்டிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

இவர் ஆட்டோவிலேயே போனோம். நான், ஹம்சா, அவள் மடியில் நிலா. ஹம்சா அரை நாள் லீவு போட்டிருந்தாள். செம்பியன் ஈக்காட்டுத்தாங்கலில் வேலையிலிருந்து நேராக வருவதாகச் சொல்லி வரவில்லை.

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார். “தையல் பிரமாதமா ஆறிருக்கு. அதான் எனக்குப் புரியல. இவ்ளோ நல்லா ஆறின தொண்டைக்கு எப்படி இந்த நம்பர் வரும்?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “இன்னொரு தடவ லேப்ல படுங்கம்மா. அப்புறம் நாக்கு அடியில ஒரு சின்ன ஆபரேஷன்...”

நாக்கு என்றதும் நாக்கு பேசிவிட்டது.

“அது என் கை இல்ல டாக்டர்.”

“என்னது?”

“அந்த மூணு நாளு. கட்டினது என் கையில இல்ல. எங்க வீட்டுக்காரர் கைல கட்டி வுட்டேன்.”

ஹம்சா என்னையே பார்த்தாள். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அவர் எங்க?”

கதவைத் திறந்து காட்டினேன். வெளியே பெஞ்சில், இத்தனை பேர் நடுவில், டோக்கன் நம்பரைக் கத்திக் கத்திக் கூப்பிடுகிற இடத்தில், சுவரில் தலை சாய்த்து, வாயைத் திறந்து, ராஜா மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். குறட்டை விட்டார். விட்டார், விட்டார், நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று டாக்டர் விரலை மடக்கினார். பதினாலுக்கு வந்தபோது தண்ணீரிலிருந்து எழுகிற மாதிரி திடுக்கென்று மூச்சு வாங்கி, மறுபடி குறட்டை.

பன்னிரண்டு வருஷமாக மாடியில் இதைக் கேட்க ஆள் இல்லை. அதற்கு முன்னால் என் சத்தத்தில் கேட்டிருக்காது.

“என்ன வேலை பண்றார்?” என்று டாக்டர் கேட்டார்.

“ஆட்டோ.”

“இப்ப எதுல வந்தீங்க?”

ஹம்சா நிலாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

எழுப்பிச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாது, வண்டி ஓட்டக் கூடாதா? முப்பத்தஞ்சு வருசம் ஓட்டறேன், ஒரு கேசு கிடையாது, ஒரு சிராய்ப்பு கிடையாது. சிக்னல்ல தூங்கல. கண்ண மூடிக்கினு யோசிச்சேன்!”

அதைக் கேட்டதும் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல் இருந்தது.

வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, கனகராஜைப் போன் போட்டு வரவழைத்து, அவன் வண்டியில் வந்தோம். இவர் முன்னால் அவன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பின்னால் நாங்கள். கச்சேரி சாலை திரும்பும்போது சொன்னேன். ஏன் அங்கே சொன்னேன் என்று தெரியவில்லை.

“அன்னிக்கு நிலா எகிறலம்மா. நான் தூங்கிட்டேன்.”

ஹம்சா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். மந்தைவெளி ஸ்டேஷனில் குழந்தையோடு இறங்கி ரயிலுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 24

66. விழித்தது இரண்டு. பகலில் தூக்கம்: 35 நிமிஷம். தூக்கம்தான்.

ஜூன் 30, திங்கள்

இன்று மாசக் கடைசி. வேளச்சேரியிலிருந்து போன் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

இவரை லேபில் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்தொன்பது தடவை. என்னுடையது நாற்பத்திரண்டுதான். அதைச் சொல்லி ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கத்தி என்றால் மாட்டேன் என்றார். மெஷின்தான் வரப்போகிறது. தும்பிக்கை.

ஜூலை 10, வியாழன்

மெஷின் வந்தது. அதை மாட்ட கரண்ட் வேண்டும். மொட்டைமாடியில் பிளக் இல்லை. ஆகவே பன்னிரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து என் அறையில் பாய் போட்டார். பிரியத்தினால் இல்லை. பிளக் என் தலைமாட்டில் இருக்கிறது.

முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, “எப்டி கீறன்?” என்றார்.

“கோயிலுக்குக் கூப்புட்டுப் போனா வாழப்பழம் குடுப்பாங்க.”

உள்ளேயிருந்து சிரித்ததில் குழாய் புஸ் புஸ் என்றது.

ஜூலை 11

என் தாளில் அந்தக் கட்டத்தை முதல் முதலாக அவர் நிரப்பினார். கோணல் மாணலாக ஒரே வார்த்தை: ‘இல்ல.’ அவர் தாளில் அதே கட்டத்தை நான் நிரப்பினேன். குறட்டை: இல்லை. மூச்சு: நிற்கவில்லை. எண்ணிப் பார்த்தேன்.

கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். கடைசி மார்க் 82. யாரிடமும் காட்டவில்லை.

ஜூலை 17, வியாழன்

செம்பியன் போன் செய்தான். கிரஷ்ஷில் ஒரு வருஷத்துக்குச் சேர்க்கவில்லையாம். ஒரு மாசம் மட்டும் நீட்டிக் கேட்டிருக்கிறாளாம் ஹம்சா. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

இவர் காலையில் பேப்பர் படிக்கிறார். மூன்று பக்கம் முழுசாக. முன்பெல்லாம் முதல் பக்கத்திலேயே கண் சொருகிவிடும்.

ஜூலை 21, திங்கள்

எட்டேகாலுக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். ஹம்சா. இடுப்பில் நிலா, தோளில் பை.

“கிரஷ்ல நாலு குழந்தைக்கு ஜுரம் அத்தை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.”

“வுட்டுட்டு போம்மா.”

“ஆறு மணிக்கு வந்துடுவேன்.” வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, “உங்களுக்குத் தூக்கம் வந்தா...” என்று நிறுத்தினாள்.

“வந்தா சொல்றேன். போன் போட்டு உனக்கே சொல்றேன்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பையைத் திறந்தேன். ஒரு நாளைக்கு எதற்கு இத்தனை உடுப்பு? ஒரு போர்வை, தலையணை, புது டப்பா பால்பவுடர், மழைக்குப் போடுகிற குட்டிக் கோட்டுகூட இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்தேன்.

தமிழ்நிலா. தூங்கியது 12.50. எழுந்தது 2.35. நடுவில் ஒரு தடவை புரண்டாள், அழவில்லை. பாய் நனையவில்லை. மடியில் வைத்துக்கொள்ளவில்லை, தரையில் போட்டேன்.

நான் விழித்திருந்தேன்.

ஆறு மணிக்கு ஹம்சாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.